‘க்ளோஸ்’ என்றுதான் சொன்னார்கள்

உங்களுக்குக் கொடுத்திருக்கும் புதுப் பயிற்சிக் கையேட்டைப் போன வாரம் ஒருவர் எனக்குக் காட்டினார். கிரேன் ரேடியோவில் பேச வேண்டிய ஆங்கிலச் சொற்கள் என்று அதில் ஒரு பக்கம் இருக்கிறது. நல்ல தாள், பளபளவென்ற அச்சு. ‘க்ளோஸ்’ என்ற சொல் அதில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டி நான் புரட்டவில்லை.

அந்தச் சொல்லை எங்கள் கம்பெனி ரேடியோவிலிருந்து வெளியே தள்ள நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். நீங்கள் பயிற்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நாளைக்கு இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு கிரேன் ஓட்டுகிறவர்கள் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பயிற்சி அதிகாரியாக ஓய்வு பெற்றேன். பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும் தொழிலாளர்களுக்கு நான் ‘டீச்சர்’. மேனேஜருக்கு மட்டும் ‘மேடம்’.

முதலில் எங்கள் ரேடியோவில் தமிழ்தான் ஓடியது. கிரேனில் தொங்கும் கிராப் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு தாடைகள் உள்ள ராட்சச இரும்பு வாய். கப்பலின் சரக்கு அறைக்குள் வாயைத் திறந்தபடி இறங்கும், நிலக்கரியைக் கவ்வும், மேலே வரும். மேலே கேபினில் இருப்பவருக்கு அறையின் மூலைகள் தெரியாது. அதனால் அறையின் விளிம்பில் ஒருவர் ரேடியோவோடு நின்று வழி சொல்வார். ‘இறக்கு’, ‘பிடி’, ‘ஏத்து’, ‘விடு’. இந்த நாலு சொல்லில் கப்பல் கப்பலாகக் கரி இறங்கியது.

பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஆய்வுக்கு ஆள் அனுப்பினார். அந்த ஆள் ரேடியோவில் தமிழ் கேட்டு முகம் சுளித்தாராம். அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. இனி ரேடியோவில் ஆங்கிலம் மட்டும். சொற்பட்டியலும் அவர்களே கொடுத்தார்கள். லோயர், க்ளோஸ், லிஃப்ட், ஓப்பன், ஹோல்டு, ரைட், லெஃப்ட், க்ளியர்.

பட்டியலை எடுத்துக்கொண்டு ஆப்பரேஷன்ஸ் மேனேஜரிடம் போனேன்.

“சார், இதுல பாதிச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ரைட்டுன்னா வலது பக்கம், சரிங்கிறதும் ரைட்டுதான். லெஃப்ட்டுன்னா இடது, போயிட்டாங்கிறதும் லெஃப்ட்டுதான். ஹோல்டுன்னா பெயர்ச்சொல்லா சரக்கு அறை, வினைச்சொல்லா பிடி, நிறுத்து. க்ளியர்னா ஆள் யாரும் இல்லன்னு அர்த்தமா, ஆளை வெளிய அனுப்புன்னு அர்த்தமா?”

அவர் சிரித்தார். “மேடம், இது பத்தாம் கிளாஸ் கிராமர். சொல்லிக் கொடுக்கத்தானே உங்களை வச்சிருக்கோம்.”

சொல்லிக் கொடுத்தேன். பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை என்று பலகையில் கோடு போட்டு, ஒரே சொல் எந்தெந்தக் கட்டத்துக்குள் எப்படி மாறி உட்காருகிறது என்று காட்டினேன். ‘க்ளோஸ்’ வந்தது. ‘மூடு’ என்ற வினைச்சொல்லாக வந்தால் கடைசி ஓசை தொண்டையில் அதிரும். ‘கிட்ட’ என்ற பொருளில் வந்தால் அதிராது, காற்று மட்டும் வரும். தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் சங்கடமாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார்கள். அத்தனை பேர் வாயிலும் ஒரே ‘க்ளோஸ்’தான் வந்தது. தமிழில் அந்த இரண்டு ஓசைக்கும் ஒரே எழுத்து, ஒரே நாக்கு. அதில் யார் குற்றமும் இல்லை.

வகுப்பில் முத்துராஜ் என்று ஒரு கிரேன் ஆப்பரேட்டர் இருந்தார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குக் கையைத் தூக்கினார்.

“டீச்சர், ஹோல்டுக்குள்ள நிக்கவன்கிட்ட ஹோல்டுன்னு சொன்னா அவன் எதைப் பிடிப்பான்?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியையும் எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

அந்த வருஷ மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. கடைசி அறையில் அடிக்கரி மட்டும் மிச்சம். கப்பல் அன்றே கிளம்ப வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கினார்கள். அடிக்கரியை ஆள் இறங்கி மண்வெட்டியால் மூலையிலிருந்து நடுவுக்குத் தள்ள வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது கிராப் இறங்கக் கூடாது என்பது விதி. அவசரம் என்றால் அந்த விதியை யாரும் வாய்விட்டு ரத்து செய்வதில்லை. அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

உள்ளே இறங்கியவர்களில் ஒருவர் லூர்து. ஆலந்தலைக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்து, பிறகு துறைமுக வேலைக்கு வந்தவர். விளிம்பில் நின்று ரேடியோவில் வழி சொல்ல வேண்டியவர் செல்லையா. ஷிப்ட் சூப்பர்வைசர் தினேஷ். நல்ல கல்லூரியில் படித்தவர், ஆங்கிலம் தண்ணீர் மாதிரி ஓடும். செல்லையா ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துச் சொல்கிறார், நேரமாகிறது என்று தினேஷ் ரேடியோவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

தினேஷ் ‘லோயர்’ என்றார். வாயைத் திறந்தபடி கிராப் இறங்கியது. காற்றுக்கோ என்னவோ ஒரு பக்கமாக ஆடியது. லூர்து குனிந்து கரி தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு தாடை அவர் முதுகுக்குப் பின்னால் போய் இறங்கியது. அதாவது அவர் இப்போது திறந்த வாய்க்குள் நிற்கிறார். தினேஷ் அதைப் பார்த்துவிட்டார். பதறிப்போய்க் கத்தினார்.

“க்ளோஸ், க்ளோஸ்.”

ஆளுக்குக் கிட்ட இருக்கிறது என்று அவர் சொல்ல வந்தார். மேலே கேபினில் முத்துராஜுக்குக் கேட்டது வேறு. இறக்கியதற்குப் பிறகு மூடுவதுதான் முறை. பட்டியலில் அதற்கான சொல் ‘க்ளோஸ்’. அந்தச் சொல் வந்தது, அதுவும் இரண்டு தடவை வந்தது. மூடினார்.

லூர்து வெளியே பாய்ந்திருக்கிறார். உடம்பு தப்பியது. இடது கால் தப்பவில்லை.

இதற்கு அடுத்த நிமிஷத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். தினேஷ் மறுபடி ரேடியோவில் கத்தினார். “லிஃப்ட், லிஃப்ட்.” ஆளைத் தூக்குங்கள், வெளியே கொண்டுவாருங்கள் என்று கீழே நின்றவர்களுக்குச் சொன்னாராம். ஆனால் ரேடியோ முத்துராஜின் காதில் அல்லவா இருக்கிறது. இறக்கு, மூடு, தூக்கு. முறைப்படி அடுத்த உத்தரவு. வினைச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. எதைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. முத்துராஜ் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருந்தால் லூர்து அந்த இரும்பு வாயில் காலால் தொங்கிக்கொண்டு மேலே வந்திருப்பார்.

முத்துராஜ் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஏன் எடுத்தீங்க?” என்று பிறகு நான் கேட்டேன்.

“லிஃப்ட்டுன்னு சொல்லும்போது ரேடியோவில பின்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு டீச்சர். கரி அப்படிச் சத்தம் போடாது.”

லிஃப்ட் என்ற உத்தரவு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. எதைச் செய்தாலும் தப்பாகலாம், செய்யாமல் இருந்தாலும் தப்பாகலாம். அப்படி உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அலுவலக நாற்காலியில் இருப்பவர்களுக்குப் புரியாது.

செல்லையா ரேடியோவைத் தினேஷ் கையிலிருந்து பிடுங்கினார். “ஏலே முத்து, தூக்காத. ஆள் சிக்கியிருக்கான். விடு. மெதுவா விடு.”

முத்துராஜ் மெதுவாகத் தாடையை விரித்தார். லூர்துவை வெளியே எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

தினேஷ் மேல் எனக்கு அன்று கோபம் இல்லை. ஆபத்தைப் பார்த்த மனுஷன் வாயில் வந்ததைக் கத்தினான், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கம்பெனி மேல் கோபம் குற்றப்பத்திரிகை வந்த அன்று வந்தது. முத்துராஜ் மேல் இரண்டு குற்றச்சாட்டு. முதலாவது, ரேடியோ உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டு விபத்துக்குக் காரணமானது. இரண்டாவது, அதற்கு அடுத்து வந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது. ஆமாம், ‘லிஃப்ட்’ என்ற உத்தரவுக்கு. ஒரு உயிரைக் காப்பாற்றியதைக் குற்றமாக எழுதியிருந்தார்கள். அதோடு செல்லையாவுக்கு ஒரு மெமோ. ரேடியோவில் தமிழ் பேசியதற்கு.

அந்த மெமோவை நான் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கவில்லை. எழுந்து நின்று படித்தேன். உட்கார முடியவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “மேடம், விசாரணையில நீங்க சாட்சி. ரொம்பப் பேச வேண்டாம். க்ளோஸுக்கு அர்த்தம் முத்துராஜுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா இல்லையா? அது மட்டும் போதும்.”

எனக்குப் புரிந்தது. சொல்லிக் கொடுத்தேன் என்றால், தெரிந்தும் அலட்சியமாக இருந்தவர் முத்துராஜ். இல்லை என்றால், தகுதி இல்லாமல் கிரேன் ஓட்டியவர் முத்துராஜ். எந்தப் பக்கம் போனாலும் அவர் தலைதான். சுற்றறிக்கை போட்டவர்கள் பெயர் எதிலும் வராது.

“ஆமா இல்லன்னு பதில் சொல்ற கேள்வி இல்ல சார் இது.”

“உங்க ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் எக்ஸ்டென்ஷன் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். அதையும் மனசுல வச்சுக்கோங்க.”

வைத்துக்கொண்டேன். விசாரணைக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். நினைக்க நினைக்கக் கோபம்தான் கூடியது.

விசாரணை நடத்தியவர் வெளியிலிருந்து வந்த ஒரு வயதான வக்கீல். முதலில் தினேஷைக் கேட்டார். தினேஷ் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

“சார், நான் சொன்னது அட்ஜெக்டிவ். கிராப் ஆளுக்குக் கிட்ட இருக்குன்னு எச்சரிக்கை பண்ணினேன். அவர் அதை வெர்புன்னு எடுத்துக்கிட்டார். பேசிக் இங்கிலீஷ் தெரியாததுதான் காரணம்.”

தினேஷ் மேல் கோபம் வந்தது அப்போதுதான். ஒரு கால் போயிருக்கிறது. இந்தப் பிள்ளை இலக்கணம் சொல்கிறான்.

முத்துராஜ் சொன்னது இவ்வளவுதான். “கிராப் இறக்குன பிறகு க்ளோஸ்னு வரும் சார். வந்துச்சு. மூடுனேன்.”

என் முறை வந்தது. மேனேஜர் கேட்கச் சொன்ன கேள்வியையே கேட்டார்கள். நான் சொன்னேன். “சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்தேன். ஆனா ரேடியோவில அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்காது. சொன்னவர் வாயிலயும் அந்த வித்தியாசம் கிடையாது. தினேஷை வெளிய போய் நின்னு ரேடியோவில ரெண்டு க்ளோஸும் சொல்லச் சொல்லுங்க. எது அட்ஜெக்டிவ், எது வெர்புன்னு இங்க இருக்கிற யாராவது சொல்லட்டும்.”

மேனேஜர் குறுக்கிட்டார். “இது ஸ்கூல் இல்ல மேடம்.”

“ஸ்கூல்ல தப்பு சொன்னா மார்க்குதான் போகும் சார். இங்க கால் போயிருக்கு.”

வக்கீல் கையைக் காட்டி எங்கள் இருவரையும் நிறுத்தினார். பரீட்சை எதுவும் வைக்கவில்லை. பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணிடம் திரும்பினார்.

“அம்மா, சூப்பர்வைசர் ரேடியோவில என்ன கத்தினதாச் சொன்னார்? வாசிங்க.”

அந்தப் பெண் வாசித்தது. “க்ளோஸ், க்ளோஸ் என்று கத்தினேன்.”

“கிட்டன்னா, மூடுன்னா?”

அந்தப் பெண் திரையைப் பார்த்தது, தினேஷைப் பார்த்தது. “எழுதுனா ரெண்டும் ஒண்ணுதான் சார். அவங்க சொன்னது எதுன்னு எனக்குத் தெரியலை.”

அடுத்த கேள்வியை வக்கீல் மேனேஜரிடம் கேட்டார். “ஆள் உள்ள இருக்கும்போது கிராப் இறங்கியிருக்கு. சூப்பர்வைசர் ஸ்டாப்புன்னு சொல்லியிருந்தா போதும். உங்க பட்டியல்ல ஸ்டாப் எங்க?”

பட்டியலில் ஸ்டாப் இல்லை. அதற்குப் பதிலாக ‘ஹோல்டு’ இருந்தது.

நீதி ஜெயித்தது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இன்னும் அனுபவம் போதவில்லை. அறிக்கை வந்தது. முத்துராஜ் மேல் இருந்த குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள். மறுபடி கிரேனில் ஏற்றினார்கள். இத்தனை நாள் வீட்டில் உட்காரவைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. விபத்துக்குக் காரணம் ‘தகவல் தொடர்புக் குறைபாடு’ என்று எழுதினார்கள். குறைபாடு என்பது பெயர்ச்சொல். வினைச்சொல் என்றால் செய்தவன் யார் என்று கேட்க வேண்டியிருக்கும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒரு அலுவலகத்தையே ஒளித்து வைக்கலாம். தினேஷ் பதவி உயர்வோடு வேறு துறைமுகத்துக்குப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. செல்லையாவின் மெமோவைத் திரும்ப வாங்க வைக்க நான் மாதக்கணக்கில் மேனேஜர் அறை வாசலில் நின்றேன்.

பிறகு புதிதாக ஒரு சுற்றறிக்கை. அவசர நேரத்தில் மட்டும் தமிழ் பேசலாமாம். மறுபடி மேனேஜரிடம் போனேன்.

“இது அவசர நேரம்னு யார் சார் சொல்லுவா? அதை எந்த மொழியில சொல்லணும்?”

பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்தேன். வகுப்பைக் கூட்டினேன். இந்தத் தடவை நான் கோடு போடவில்லை. ரேடியோவில் எந்தெந்தச் சொல் எப்போதெல்லாம் குழப்பியது என்று அவர்களையே சொல்லச் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் சொன்னார்கள். சரி என்ற பொருளில் சொன்ன ரைட்டைக் கேட்டுக் கிராப்பை வலது பக்கம் திருப்பிய கதை, க்ளியர் என்று கேட்டு ஆள் இருக்கும் அறைக்கு மேல் கிராப்பைக் கொண்டுபோன கதை. லூர்துவுக்கு நடந்தது போன்ற விபத்திலிருந்து அதற்கு முன்பே பல பேர் நூலிழையில் தப்பியிருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆங்கிலம் தெரியாதவன் என்று பெயர் வரும்.

இரண்டு அர்த்தம் உள்ள சொல் எல்லாவற்றையும் அன்றே எடுத்தோம். தமிழ் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில் தமிழ். கப்பல்காரரிடம் பேச வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒருவர், அவர் கையில் வேறு ரேடியோ. ‘ஸ்டாப்’ மட்டும் எல்லா மொழிக்கும் பொது, அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னாலும் கிரேன் நிற்க வேண்டும். செல்லையாவும் முத்துராஜும் அன்றிரவே அப்படி வேலை பார்த்தார்கள். மேலேயிருந்து அனுமதி வந்தது ரொம்பப் பிறகுதான். எக்ஸ்டென்ஷன் வரவில்லை. அது வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் லூர்துவைப் பார்க்க ஆலந்தலைக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் சுவரில் சாய்ந்திருந்தது. மனைவி உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசினோம். பிறகு லூர்து நூலைக் கீழே வைத்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கேன். அன்னிக்கு அவர் கத்துன அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? ஆஸ்பத்திரிக்கு வந்த ஆபீஸ்காரங்ககிட்ட கேட்டேன். விசாரணைக்குக் கூப்பிட்டப்பவும் கேட்டேன். கேஸ் நடக்கு, இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாங்க.”

நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு சொல்லை வைத்து அத்தனை பேர் அத்தனை நாள் வாதாடினோம். காலைக் கொடுத்தவரிடம் அதன் அர்த்தத்தை ஒருவரும் சொல்லவில்லை. நானும் அதுவரைக்கும் அவர் முன்னால் போய் உட்காரவில்லை.

சொன்னேன். ஒரு அர்த்தம் மூடு. இன்னொரு அர்த்தம் கிட்ட. முத்துராஜுக்கு மூடு என்று கேட்டது. அவர் சொல்ல வந்தது கிட்ட.

“கிட்டன்னா சொல்ல வந்தாரு?”

“ஆமா.”

லூர்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

“கிட்டத்தான் இருந்துச்சு டீச்சர். அது எனக்கே தெரியும். நான் என்ன செய்யணும்னு சொல்லியிருக்கலாம்லா.”

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். இலக்கணத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. ஆபத்தை வர்ணிக்கிற சொல் வேறு, செய்யச் சொல்கிற சொல் வேறு. அதை அந்த வாசலில் உட்கார்ந்து அவரிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்ததும் அவர் சொன்னதைப் பயிற்சி அறைப் பலகையின் மேல் ஓரத்தில் எழுதினேன். ‘நான் என்ன செய்யணும்னு சொல்லியிருக்கலாம்லா.’ மறுநாள் யாரோ அழித்திருந்தார்கள். யார் சொல்லி அழித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தார்கள். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அவர்கள் அழித்தார்கள், நான் எழுதினேன்.

இப்போது அந்தப் பலகை உங்கள் கையில் இருக்கிறது. சாக்பீஸும் உங்கள் கையில்தான் இருக்கிறது.